மெமரி கார்டைக் கழற்றிப் பார்த்தீர்களா?

காலை நிகழ்ச்சி ஆறு மணிக்கு. ஷா ஆலமில் இருந்து ஐந்து மணிக்கு முன்பே கிளம்பிவிடுவேன். அந்த நேரத்தில் கூட்டரசு நெடுஞ்சாலை கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். அன்று மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. சுபாங் தாண்டியதும், இடது தடத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக் கார், என்ன நினைத்ததோ, சிக்னல் போடாமல் எனக்கு முன்னால் நுழைந்து பிரேக் அடித்தது. நானும் அடித்தேன். ஈரச் சாலை. என் மைவி வழுக்கிக்கொண்டு போய் அதன் பின்பக்கத்தில் முட்டி நின்றது.

நல்ல வேளை, யாருக்கும் அடி இல்லை. அந்த ஓட்டுநர் இறங்கி வந்து முதலில் சொன்னதே, பின்னால் வந்து இடித்தது நீங்கள்தானே என்பதுதான். நான் பதறவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவைச் சுட்டிக் காட்டினேன். அவர் முகம் மாறியது. எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்.

போலீஸ் நிலையத்தில் விசாரணை அதிகாரியும் அதைத்தான் கேட்டார். “டேஷ்கேம் அடா?” “அடா” என்றேன், பெருமையாக. மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டுப் பார்த்தோம். அதில் இருந்த கடைசிக் காட்சி ஏழு மாதங்களுக்கு முன்பு எடுத்தது. தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போனபோது ஈப்போ டோலில் வரிசையில் நின்றது. அதற்குப் பிறகு எதுவுமே இல்லை. ஏழு மாதமாக அந்தக் கேமரா சின்ன விளக்கை எரிய விட்டு, திரையில் சாலையையும் காட்டிக்கொண்டு, எதையும் பதிவு செய்யாமல் என்னோடு ஊர் சுற்றியிருக்கிறது.

பின்னால் இருந்து மோதியவர் மீதுதான் தவறு என்பது இங்கே பொதுவாக எடுக்கப்படும் முடிவு. அதை மாற்ற என்னிடம் ஆதாரம் இல்லை. 300 ரிங்கிட் சமன் கட்டினேன். அது போனால் போகட்டும். காப்புறுதியில் 25, 30, 38.33, 45 என்று ஆண்டுக்கு ஆண்டு ஏறி 55 விழுக்காட்டில் நின்ற என் என்சிடி ஒரே கிளெய்மில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அடிப்படைப் பிரீமியம் 1,400 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், 630 ரிங்கிட் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். திரும்ப 55க்கு ஏற இன்னும் ஐந்து ஆண்டு. தவறு என்னுடையது இல்லை என்று போலீஸ் முடிவு செய்திருந்தால், என் சொந்தக் காப்புறுதி நிறுவனத்திடமே கேட்டு வாங்கியிருக்கலாம், என்சிடியும் அப்படியே இருந்திருக்கும்.

கேமரா ஏன் நின்றது என்று பிறகு உட்கார்ந்து துருவினேன். கார்டு கெட்டுப் போகவில்லை. நிரம்பியிருந்தது. எதனால் தெரியுமா? எங்கள் தாமான் வேகத்தடைகளால்.

டேஷ்கேம் சாதாரணமாக ஒன்று அல்லது மூன்று நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்யும். கார்டு நிரம்பியதும் பழைய துண்டை அழித்துவிட்டு அதன் மேல் புதியதை எழுதும். ஆனால் கார் அதிர்ந்தால் விபத்து என்று நினைத்து அந்தத் துண்டைப் பூட்டி வைத்துவிடும்; பூட்டியதை அழிக்காது. இந்த அதிர்வு உணர்வை ‘ஹை’ என்ற அளவில் நான் விட்டு வைத்திருந்தேன். எங்கள் தாமானில் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் ஒன்பது வேகத்தடைகள். போகும்போது ஒன்பது, வரும்போது ஒன்பது. கார்டு முழுக்க வேகத்தடை விபத்துகள்! கேமரா தன் கடமைக்குப் பீப் பீப் என்று எச்சரித்துத்தான் இருக்கிறது. விடிகாலையில் அந்தச் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று நான்தான் அதை அணைத்து வைத்திருந்தேன். ஒலியை வைத்துப் பிழைப்பவள் செய்கிற காரியமா இது?

ஆகவே டேஷ்கேம் வாங்கப் போகிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால், நான் கேமராவில் ஆரம்பிப்பதில்லை. கார்டில் ஆரம்பிக்கிறேன். கைப்பேசிக்குப் போடுகிற சாதாரணக் கார்டு இதற்கு உதவாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதி அழிப்பதால் சீக்கிரம் தேய்ந்துவிடும். உறையில் ‘ஹை என்டூரன்ஸ்’ என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 1080பி தரத்தில் ஒரு கேமராவுக்கு 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பிடிக்கும். பின் கேமராவும் சேர்ந்தால் அதில் பாதி. 4கே என்றால் இன்னும் குறைவு; 128க்குக் கீழே யோசிக்காதீர்கள். இணையச் சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று கார்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். வெளியே 128 என்று எழுதி உள்ளே அதில் கால்வாசி கூட இல்லாத போலிகள் உண்டு. மாதம் ஒரு முறை கார்டைக் கழற்றிப் பாருங்கள். பார்த்துவிட்டு, வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு, கேமராவிலேயே ஃபார்மெட் செய்யுங்கள். கழற்றும்போது எஞ்சினை அணைத்து, கேமரா விளக்கும் அணைந்த பிறகு கழற்ற வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அந்தக் கடைசித் துண்டு போய்விடும். நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தக் கடைசித் துண்டுதான்.

அடுத்தது வெயில். நம் ஊரில் மதியம் திறந்த வெளியில் நிறுத்திய காருக்குள் கண்ணாடிக்கு அடியில் 60 டிகிரி செல்சியஸ் தாண்டுவது சாதாரணம். மலிவான கேமராக்களில் கைப்பேசியில் இருப்பது போன்ற லித்தியம் பேட்டரி இருக்கும். அந்தச் சூட்டில் சில மாதங்களில் அது உப்பிக்கொண்டு வந்துவிடும். என் தம்பியின் கேமரா பூரி மாதிரி உப்பி மூடியே திறந்துகொண்டது. கடைக்காரரிடம் ‘இது பேட்டரியா, கெப்பாசிட்டரா’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். கெப்பாசிட்டர் உள்ளதை வாங்குங்கள். அது சூட்டைத் தாங்கும். மின்சாரம் நின்றதும் கடைசித் துண்டை முடித்துச் சேமிக்கும் அளவுக்கு மட்டும் சக்தி வைத்திருக்கும். அது போதும்.

4கே, 2கே என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பகலில் எல்லாக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். இரவில்தான் சாயம் வெளுக்கும். இரவுக்கு முக்கியம் உள்ளே இருக்கிற சென்சார். சோனியின் ‘ஸ்டார்விஸ்’ வகை சென்சார் இருப்பவை இருட்டில் பரவாயில்லாமல் எடுக்கின்றன. கூடவே எச்டிஆர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் காரின் விளக்கு வெளிச்சம் முன்னால் போகிற காரின் எண் பலகையில் பட்டு எழுத்துகள் கரைந்து ஒரே வெள்ளைத் திட்டாகத் தெரியும். வாங்கும் முன் அந்த மாடலின் பெயரோடு ‘நைட்’ என்று சேர்த்து யூடியூப்பில் தேடி, இரவில் எடுத்த காட்சியைப் பெரிய திரையில் பாருங்கள். கைப்பேசித் திரையில் எல்லாமே அழகாகத்தான் தெரியும்.

எவ்வளவு நல்ல கேமராவானாலும் வேகமாக ஓடும் வண்டியின் எண்ணை எப்போதும் பிடித்துவிடாது. இதற்கு என் தொழிலில் இருந்து ஒரு யோசனை: வாயால் சொல்லுங்கள். ஒரு வண்டி இடித்துவிட்டு ஓடுகிறது என்றால் அதன் எண்ணை, நிறத்தை, மாடலைச் சத்தமாகப் படியுங்கள். கேமராவின் மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். பதற்றத்தில் பத்து நிமிடத்தில் மறந்துவிடும் எண் பதிவில் இருக்கும்.

பின் கேமரா வேண்டுமா? நான் இடி வாங்கியிருந்தால் வேண்டும் என்று சொல்லியிருப்பேன். இடித்தவள் என்பதால் தயங்கித்தான் போட்டேன். இப்போது வேண்டும் என்றே சொல்கிறேன். சிக்னலில் நிற்கும்போது பின்னால் வந்து மோதிவிட்டு, நீங்கள்தான் ரிவர்ஸ் எடுத்தீர்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு விஷயம் மட்டும்: 2019க்குப் பிறகு பின் கண்ணாடிக்கு எவ்வளவு கறுப்பு டின்டும் ஒட்டலாம் என்று ஆனதில் பலரும் கரிக்கட்டை மாதிரி ஒட்டிவிட்டார்கள். அதற்கு உள்ளே இருந்து கேமரா இரவில் என்னத்தைப் பார்க்கும்? முன் கண்ணாடிக்கு அந்தக் கவலை இல்லை. அங்கே 70 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது.

காரை நிறுத்தியிருக்கும்போதும் பதிவாக வேண்டும் என்றால் ஃபியூஸ் பெட்டியில் இருந்து தனி வயர் இழுக்க வேண்டும். பேட்டரியின் மின்னழுத்தம் குறைந்தால் தானாக நின்றுகொள்ளும் வசதி உள்ள வயரைக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரம் லங்காவி போய்விட்டு வந்தால் கார் ஸ்டார்ட் ஆகாது. உத்தரவாதம் முடியாத புதுக் கார் என்றால் முதலில் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். நிறுத்துமிடத்தில் கீறல் விழுவது பற்றிப் பெரிய கவலை இல்லை என்றால் இதெல்லாம் வேண்டாம், சிகரெட் லைட்டர் துளையில் சொருகினால் போதும். கேமராவை நடுக் கண்ணாடிக்குப் பின்னால், வைப்பர் துடைக்கிற பரப்புக்குள் ஒட்டுங்கள். வயரை ஓரத் தூணில் செருகும்போது அங்கே காற்றுப்பை இருக்கிறதா என்று பார்த்து, அதற்குப் பின்னால் போகும்படி செருகச் சொல்லுங்கள்.

தேதியும் நேரமும் சரியாக இருக்கட்டும். என் பழைய கேமரா தன்னை 2015 ஜனவரி 1 என்றே கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தது. ஜிபிஎஸ் உள்ளது தானாகவே சரி செய்துகொள்ளும். ஆனால் ஜிபிஎஸ் உங்கள் வேகத்தையும் காட்சியின் கீழே எழுதும். 110க்குப் போகிற பழக்கம் இல்லாதவர்களுக்கு அது நல்ல சாட்சி. மற்றவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

விபத்து நடந்துவிட்டால்: கேமராவில் பூட்டுப் பொத்தானை அழுத்துங்கள். வண்டிகள், எண் பலகைகள், சாலை எல்லாவற்றையும் கைப்பேசியிலும் படம் எடுங்கள். கூப்பிடாமலே வந்து நிற்கிற இழுவை வண்டிக்குச் சாவியைக் கொடுக்காமல் உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இருக்கிறது. காட்சியைப் பிரதி எடுத்துக் கொடுங்கள், மூலத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை முடிவதற்குள் டிக்டாக்கில் ஏற்றாதீர்கள். அந்த நேரத்துக் கோபத்தில் நாம் போடுகிற தலைப்பு, பிறகு நமக்கே எதிராக வந்து நிற்கும்.

இனி, நான் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்த விஷயம்.

எனக்கு நல்ல கேமரா வாங்கிய கையோடு காப்பாரில் இருக்கும் அப்பாவின் சாகாவுக்கும் ஒன்று மாட்டினேன். அப்பாவுக்கு 71 வயது. கிள்ளான் துறைமுகத்தில் இருந்து வடக்கே லாரி ஓட்டியவர். “நாப்பது வருஷம் லாரி ஓட்டுனவனுக்குக் கேமராவா?” என்று ஒரு முறைப்பு. “உங்களுக்காக இல்லப்பா, மத்தவங்க இடிச்சா காட்டறதுக்கு” என்றேன். அவரும் விட்டுவிட்டார். அதில் மைக் இருப்பதை நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, தோன்றவில்லை. ஆனாலும் அது என் தவறுதான்.

மாதம் ஒரு முறை கார்டைப் பார்க்க வேண்டும் என்று மேலே உபதேசம் செய்தேன் அல்லவா, அதன்படி அவர் கார்டையும் எடுத்து வந்து பார்த்தேன். பதிவாகிறதா என்று மட்டும் பார்க்கத்தான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கோயிலுக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு திரும்புகிற காட்சி. படத்தில் குறை ஒன்றும் இல்லை. கார் ஒழுங்காகத்தான் போகிறது. நான் வேறு எதையோ எழுதிக்கொண்டு காதில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி, படம் ஓடினாலும் காதுதான் முதலில் வேலை செய்யும்.

“சிவப்பு” என்றது அம்மாவின் குரல். கார் நின்றது. கொஞ்ச நேரம் அமைதி. “பச்சை விழுந்துருச்சு, போங்க.” கார் நகர்ந்தது. “இடது பக்கம் மோட்டார் ஒண்ணு.” “ம்.” “இன்னொண்ணு வருது.” “ம்.” எதிரே லாரி ஒன்று வெளிச்சத்தை அடித்துக்கொண்டு வந்தபோது அப்பா, “என்னா லைட்டு இது, கண்ணே தெரியல” என்றார். அம்மா, “அப்படியே நேரா போங்க, கோடு பக்கத்துலதான் இருக்கு” என்றார். குரலில் பயம் இல்லை, அவசரமும் இல்லை. கடையில் சாமான் பட்டியல் வாசிக்கிற மாதிரி. ரொம்ப நாள் பழக்கம் என்று கேட்டவுடனே தெரிந்தது.

எழுதுவதை நிறுத்திவிட்டு மற்றத் துண்டுகளையும் கேட்டேன். பகலில் அம்மா பேசுவது கோழி விலையும் என் தம்பியின் கல்யாணமும். ஏழு மணிக்கு மேல் என்றால் சிவப்பு, பச்சை, மோட்டார், இடது, வலது. ஒரு நாள் அம்மா கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அன்று ஒரு சிக்னலைத் தாண்டிய பிறகு பக்கத்தில் இருந்து நீளமாக ஒரு ஹார்ன். அதன் பிறகு வீடு வரும் வரை இரண்டு பேரும் பேசவில்லை.

அதை அப்பாவிடம் காட்டவா? தம்பி, சாவியை வாங்கி வைத்துவிடு என்றான். நாற்பது வருடம் ஓட்டிய கையில் இருந்து சாவியை யார் பிடுங்குவது? நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா முதலில், “நீ அதையெல்லாம் கேட்டியா?” என்றார். பிறகு, “ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். அவருகிட்ட நீ சொன்னதா இருக்கட்டும், நான் சொன்னதா வேணாம்” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்கார வைத்து, மைக் இருப்பதைச் சொல்லாதது என் தப்பு என்று முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அந்த வெள்ளிக்கிழமைத் துண்டை மட்டும் போட்டேன். முழுதாகக் கேட்டார். “உங்கம்மா குரல் ரேடியோல கேட்டா நல்லாதான் இருக்கும்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வெளியே போய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டார். மறுநாள் காலை தம்பியைக் கூப்பிட்டு, கண் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு கண்ணிலும் புரை. எதிர் வெளிச்சம் கண்ணில் சிதறிக் கூசுவதற்கு அதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னாராம். அறுவை சிகிச்சை முடியும் வரை இரவில் சாகா வாசலைத் தாண்டவில்லை. கோயிலுக்குத் தம்பிதான் அழைத்துப் போனான், அவன் ஓட்டுவது சரியில்லை என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாராம். இரண்டாவது கண்ணும் முடிந்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் சாவியை எடுத்தார்.

அம்மா ஒரு நிபந்தனை போட்டார்: அந்த மைக்கை அணைத்துவிட வேண்டும். “நாங்க பேசறதை நீ ஏன் கேக்கணும்?” நியாயம்தான். அணைத்துவிட்டேன். எண் பலகையை வாயால் சொல்கிற வசதி அந்தக் காரில் இல்லை, பரவாயில்லை. என் காரில் மைக் உண்டு. யார் ஏறினாலும் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சொன்னதும் என் தோழிகள் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

அப்பாவின் கார்டை இப்போதும் மாதம் ஒரு முறை பார்க்கிறேன். அவரே கழற்றி, பழைய மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்து அனுப்புகிறார். போன வாரம் வந்ததில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை இருந்தது. சத்தம் இல்லை. அதே சிக்னல். முன்பெல்லாம் பச்சை விழுந்து இரண்டு விநாடி கழித்துத்தான் கார் நகரும். இப்போது விழுந்தவுடனே நகர்கிறது.